கொழும்பின் கட்டடக் கலைஞர்களுக்கு: பூட்டிக் கிடக்கும் எங்கள் பூங்காவுக்கு ஒரு பின்னேரம் வாருங்கள்

அன்புடையீர்,

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. கேற்றில் பூட்டு. மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று பூட்டினார்கள். தண்ணீர் இன்னமும் அங்கேதான் நிற்கிறது. கம்பிக்குள்ளால் பார்த்தால், அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்த சறுக்கும், பலகை இல்லாமல் சங்கிலி மட்டும் தொங்கும் ஊஞ்சலும் தெரியும். நடுவில் ஒரு பெரிய மருதமரம். அதன் அடிவரை சீமெந்து பூசியிருக்கிறார்கள். இரண்டு வாங்குகளும் மர நிழல் எட்டாத மூலையில், மேற்கு வெயிலைப் பார்த்தபடி இருக்கின்றன. பின்னேரமானால் என் அம்மாவும் அயல் பெண்களும் எதிரே பூட்டிய கடையின் படியில் குந்தியிருந்து கதைப்பார்கள். பிள்ளைகள் தெருவில், முச்சக்கரவண்டிகளுக்கு நடுவே விளையாடுவார்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் பலமுறை கேட்டுவிட்டோம். ஆளில்லை, காசில்லை என்றார்கள். ஆனால் கூட்டித் துப்புரவாக்கினால் மட்டும் இந்தப் பூங்கா உயிர் பெறாது. வாங்கை எங்கே வைப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குவது, தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரிவாரா என்பதெல்லாம் உங்கள் தொழில். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்பைத் தோட்ட நகரமாகக் கனவு கண்டு திட்டம் எழுதினார். அந்தத் தோட்டத்தை வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம். கொட்டாஞ்சேனை உள்ளிட்ட எங்கள் வடக்குப் பக்கத்துக்கு, கொழும்பு 13க்கும் 14க்கும் 15க்கும், அது வரவேயில்லை. இங்கே பல வீடுகளுக்கு முற்றம் என்று ஒன்று கிடையாது, தொடர்மாடிகளுக்குப் போனவர்களுக்கு இருந்த ஒழுங்கையும் போய்விட்டது.

சின்ன இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதே நகரத்தில் காட்டியிருக்கிறார். 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே வானத்துக்குத் திறந்த முற்றங்களை விட்டு, வெளிச்சத்தையும் மழையையும் வீட்டுக்குள் அழைத்தார். நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் வளர்ந்த என் அம்மாவுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எங்கள் பூங்காவுக்கு நான் கேட்பது முதலில் ஒரு திண்ணை. தெருப் பக்க மதிலை ஆட்கள் குந்தியிருக்கக்கூடிய உயரத்துக்கு இறக்குங்கள், போதும். அதில் கிழவிகள் இருந்தால் உள்ளே பிள்ளைகளுக்குக் காவல், இருட்டிய பிறகு வரும் பெண்களுக்கும் துணை. போருக்குப் பின் விகாரமகாதேவி பூங்காவின் வேலியை எடுத்தபோது சனம் தானாக உள்ளே வந்தது. ஒரு மூலையைச் சற்றுப் பள்ளமாக்கி மணலும் செடியும் போட்டால் மழைத்தண்ணீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் போய்விடும். முட்டை நுளம்பாக ஒரு கிழமையாவது வேண்டும், அதற்குள் தண்ணீரே இருக்காது. தயவுசெய்து எல்லா இடமும் இன்டர்லொக் கல் பதித்துவிடாதீர்கள்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அதிலிருந்து எங்கள் ஒழுங்கையிலும் பெரிய மரத்தைக் கண்டால் பயம், வெட்டு என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாமல் சீமெந்தால் மூடிவிட்டு மரத்தின் மேல் பழி போடுவது அநியாயம். அந்தச் சீமெந்தை உடைத்து, மரத்தைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு சோதித்து, வாங்குகளை அதன் நிழலுக்குள் கொண்டுவாருங்கள்.

வரைபடத்தோடு வர வேண்டாம். மழையில்லாத ஒரு நாள் நாலரை மணிக்கு வெறுங்கையோடு வாருங்கள். எந்த மாதம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று அந்தப் படியில் இருக்கும் பெண்கள் சொல்வார்கள். கேற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசி ஒருவர்