உயிலில் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீடுகள் நம் கரையோர ஊர்களில் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் இல்லங்களுக்கு நோட்டும் சீருடையும் வாங்கித் தருகிறோம், சரி. உயிலிலும் ஒரு பங்கு எழுதலாமே? நகை அடகுச் சீட்டைப் பத்திரமாக வைப்பவர்கள்கூட உயில் என்றதும் ‘இப்ப என்ன அவசரம்’ என்கிறார்கள்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம்கள் பொதுவாக, வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு எழுதுவதற்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு போட்டிருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003-லேயே நீக்கிவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இதைச் சொன்னால் ‘அப்படியா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

அப்புறம், ‘ஏதாவது ஓர் அனாதை இல்லத்துக்கு’ என்று எழுதிவைக்காதீர்கள். அறக்கட்டளையின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் எழுதுங்கள். சொந்தப் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

– ஒரு வாசகர், மண்டபம்