கரண்ட் போகும் குளிர்நாளுக்கு மண்டபத் திறப்பு யாரிடம்?

ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கோயில்கள், தேவாலயங்கள், ஊர்ச்சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2013 டிசம்பர் 21 இரவு ரொறன்ரோவில் பெய்த உறைமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்து கம்பிகள்மேல் விழுந்தன. நகரில் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டுக்கு நத்தார் கழிந்துதான், ஐந்தாம் நாள், கரண்ட் வந்தது. இப்படியான அவசரநிலைக்கு 72 மணி நேரத்துக்கு ஆயத்தமாக இருங்கள் என்கிறது கனடா அரசு. எங்களுக்கு அது போதவில்லை.

காஸ் ஹீட்டிங்தானே என்று முதல்நாள் துணிவாக இருந்தோம். காஸ் வந்தது, ஆனால் சூட்டை வீடெங்கும் தள்ளும் காற்றாடி கரண்டில்தான் ஓடும். இரண்டாம் நாள் காலை, வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம் அம்மா, கராஜில் கிடந்த கரியடுப்பை உள்ளே கொண்டுவரச் சொன்னா. அவவில் பிழை இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பிள்ளை வளர்த்தவ. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் எங்களைப் படிக்க வைத்தவ. ஆனால் அங்கே யன்னல் திறந்திருந்தது, புகை ஓட்டு இடுக்கால் போனது. இங்கே யன்னல் நீக்கலுக்கும் நாடா ஒட்டியிருந்தோம். கரி கனலும்போது வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி வரும். தடிமன் காய்ச்சல் என்று படுத்தால் எழும்பாமலே போகலாம். அந்த நாட்களில் ஒன்ராறியோவில், கராஜில் ஜெனரேற்றர் ஓட்டியதால் உயிர்கள் போயின.

ஆங்கில வானொலியில் எச்சரிக்கையைக் கேட்டிருந்த தம்பி அம்மாவைத் தடுத்தான். அவன் வீட்டில் இல்லாதிருந்தால்?

பேஸ்மென்டில் தனியே வாடகைக்கு இருக்கும் எத்தனையோ அம்மம்மாக்களுக்கு அப்படி ஒரு தம்பி இல்லை. ஆங்கில அறிவித்தல் அவர்களிடம் போய்ச்சேராது. உங்கள் ஒலிபெருக்கி போய்ச்சேரும். நவராத்திரிக்கும் ஒளிவிழாவுக்கும் சனம் கூடும்போது ஐந்து நிமிடம் இதைத் தமிழில் சொல்லுங்கள்: கரியடுப்பை வீட்டுக்குள் எரிக்கக்கூடாது, ஜெனரேற்றரைக் கராஜிலும் ஓட்டக்கூடாது, பற்றரியில் வேலைசெய்யும் கார்பன் மோனொக்சைட் அலாரம் வீட்டில் வேண்டும். இன்சுலினைக் குளிர்ச்சிக்காக பால்கனியில் வைத்தால் உறைந்து வீணாகிவிடும், அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது மண்டபம். கலியாணத்துக்கு முந்நூறு பேர் இருந்து சாப்பிடும் இடம், அந்த ஐந்து நாளும் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். இருட்டென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். ஒரு ஜெனரேற்றரைக் கட்டடத்துக்கு வெளியே பாதுகாப்பாக வைத்து, அங்குள்ள ஹீட்டிங்கை அதோடு இணைக்க, அனுமதிபெற்ற மின்வேலைக்காரரை இந்தக் கோடையிலேயே கூப்பிடுங்கள். நடு இரவிலும் திறப்பு யார் கையில் என்று எல்லோருக்கும் தெரியட்டும். லிப்ட் நின்றால் பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர் எப்படி இறங்கி வருவார், யார் போய்க் கூட்டிவருவார் என்பதையும் இப்போதே பேசுங்கள்.

தனித்திருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்றையும் எடுங்கள். அவர்களைக் கேட்டு, விருப்பத்தோடு எழுதுங்கள். எங்கள் தெருவில் ஏழு பேர் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு அவர்களோடு கதைத்து, எங்கள் தெருப் பட்டியலை நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவில் வாழும் ஒரு மகள்