மேடைக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நாங்கள் வாழும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), குடியேறிகளின் உரிமைக்காகவும் காவல்துறை ராணுவமயமாவதற்கு எதிராகவும் கடந்த ஓராண்டாக எடுத்த முயற்சிகளில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். கூட்டங்களில் பேசியவர்களுக்கு அன்றே கைத்தட்டல் கிடைத்துவிட்டது; ஆகவே இம்மடல் பெரும்பாலும் மேடைக்கு வராதவர்களுக்கு உரியது.

முதல் நன்றி, குடியேற்ற நீதிமன்றத்துக்கு உடன் வந்தவர்களுக்கு. குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றவருக்கு அரசே ஒருவரை அமர்த்தித் தரவேண்டும். நாடுகடத்தல் வழக்கோ உரிமையியல் வழக்காகக் கருதப்படுவதால் அந்த ஏற்பாடு அங்கே இல்லை. அரசு வழக்கறிஞரின் எதிரில் ஒருவர் தனியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கே, பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் நான்கு பேரின் அருமை புரியும். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டதும் முகம் சுளிக்காமல் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு போனவர்கள் நீங்கள்.

பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அக்காவுக்கு, பெயரில்லாமலே நன்றி சொல்கிறேன். ஈழத்திலிருந்து வந்தவர்களின் தமிழ் ஆவணங்களை ஆங்கிலமாக்கிச் சான்றுறுதி அளித்தவர் அவர். தஞ்சம் கோருபவர் எல்லையில் அளிக்கும் முதல் நேர்காணலில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது, எங்களில் சிலர் சலித்துக்கொண்டதுண்டு. எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்ட ஈழத் தமிழர் துரைசிங்கத்தின் வழக்கில், அந்த நேர்காணலில் நிராகரிக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவின் வழியே மறுஆய்வு கோர முடியாது என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அவர் எடுத்துச் சொன்ன பிறகு யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கும்படி குடியேற்ற அதிகாரிகளுக்குச் சொன்ன பழைய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டதிலிருந்து, எங்கள் உதவித் தொலைபேசி ஓயவில்லை. இரவில் அதை ஏந்தியிருந்தவர்களுக்கும், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டுக்கும் குடியேற்ற அதிகாரியே கையெழுத்திட்ட தாளுக்கும் உள்ள வேறுபாட்டை வீடு வீடாகச் சென்று விளக்கிய சட்ட மாணவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

குடியேறிகளுக்கு உதவுவது சரி, காவல்துறையின் கவச வண்டியை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று கேட்ட நண்பர்களுக்கும் நன்றி. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நாங்கள் ஒழுங்காகப் படித்திருக்க மாட்டோம். குடியேற்றச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 287(ஜி) பிரிவு, ஒப்பந்தத்தின் வழியே உள்ளூர்க் காவலரைக் குடியேற்ற அதிகாரியின் பணியில் அமர்த்த இடமளிக்கிறது. அதே ஆண்டில் சட்டமான 1033 திட்டம், ராணுவத்தின் உபரித் தளவாடங்களை அதே காவலருக்கு வழங்குகிறது. பொருளுக்கு விலையில்லை, கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் மட்டுமே உள்ளூர்ப் பொறுப்பு. வாங்கியதை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதைக் கண்டெடுத்துச் சொன்னவர் ஒரு முன்னாள் படைவீரர். கண்ணிவெடியைத் தாங்குவதற்காகச் செய்த வண்டியைப் போர்முனையில் ஓட்டியவர், கண்ணிவெடியே இல்லாத தெருவில் அதற்கு என்ன வேலை என்று கவுண்டிக் கூட்டத்தில் நிதானமாகக் கேட்டார். எங்கள் துண்டறிக்கைகள் எல்லாம் சேர்ந்தும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் இதுவரை 287(ஜி) ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனால், விடுதலைக்கு உரியவரை மேலும் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கும்படி குடியேற்றத் துறை அனுப்பும் கோரிக்கைகளுக்குச் சிறை நிர்வாகம் இன்னும் இணங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கடைசியாக, பிணைத்தொகைக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு. சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தொகையே 1,500 டாலர். எங்களிடம் கேட்கப்பட்டவை அதைவிட அதிகம். வழக்கு முடியும்வரை அந்தப் பணம் அரசிடமே இருக்கும். எப்போது திரும்ப வரும் என்று எங்களில் எவரையும் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வரும் நாளில் நாங்களே தேடி வந்து தருகிறோம்.

தோழமையுடன்,
குழுவின் சார்பில் ஒருங்கிணைப்பாளர்