தாய்ப்பத்திரம் யார் கையில்?

மயிலாடுதுறை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்காலுக்கு இன்னும் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்கிறாயாம். தங்கச்சி சொல்கிறபடி ஒருதரம் டாக்டரிடம் காட்டித் தொலையேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் என் பழைய பத்திர நகல்கள் எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டன.

"நானும் நாற்பது வருஷம் கிட்டார் பிடித்தேன், அந்த பீட்டில்ஸ்காரனும் பிடித்தான். அவனுக்கு மட்டும் எப்படிடா பத்தாயிரம் கோடி?" என்று கேட்டிருந்தாய். வயிற்றெரிச்சல் எழுத்திலேயே தெரிந்தது. கணக்கு சரிதான். 2024இல் லண்டன் சண்டே டைம்ஸ் போட்ட பணக்காரர் பட்டியலில், மனைவி பங்கையும் சேர்த்து, நீ சொல்கிற பால் மெக்கார்ட்னி, பீட்டில்ஸ் என்ற அந்தக் காலத்து இங்கிலாந்து நால்வர் பாட்டுக்குழுவில் ஒருவர், நூறு கோடி பவுண்டைத் தொட்டுவிட்டார். பிரிட்டனில் பாட்டுக்காரர் ஒருவர் அந்த அளவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இதில் உனக்கு ஆறு தந்தி, அவருக்கு நாலே தந்தி. அதுவும் இடது கை.

எனக்கு சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன். மகன் மொபைலில் அவர் கதையை ஒரு வாரமாகப் படித்தேன். என் கண்ணுக்கு அது வில்லங்கம் விழுந்த சொத்தின் கதையாகத்தான் தெரிந்தது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது, மாப்ளே. மெட்டும் வரியும் ஒன்று, ஸ்டுடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. மனையும் அதன்மேல் கட்டிய வீடும் மாதிரி. மனை பொதுவாக மியூசிக் பப்ளிஷர், அதாவது பாட்டின் உரிமையை வைத்து வியாபாரம் செய்கிறவர், பெயரில் இருக்கும். வருகிற காசில் எழுதினவருக்குப் பாதி, பப்ளிஷருக்குப் பாதி. நம்ம பக்கத்து பாஷையில் சொன்னால், எழுதினவர் வாரத்துக்குப் பயிர் வைக்கிறவர். நெல்லில் பங்கு உண்டு, நிலத்தில் கிடையாது.

1963இல் பாலும், அதே குழுவில் அவரோடு சேர்ந்து பாட்டு எழுதின ஜான் லெனனும் போட்ட கையெழுத்து அப்படிப்பட்டதுதான். நார்தர்ன் ஸாங்ஸ் என்று ஒரு கம்பெனி. பாதி டிக் ஜேம்ஸ் என்ற பப்ளிஷர் தரப்புக்கு, இவர்களுக்கு ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு, மீதி மேனேஜருக்கு. பாலுக்கு அப்போது இருபது வயது. பாட்டை ஒருவன் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியும் என்பதே தெரியாது, அது காற்றில் இருக்கிற பொருள் என்று நினைத்திருந்தோம் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு இது ஆச்சரியமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அந்தக் காலத்தில் அங்கே பெரிய வருமானக்காரருக்கு வரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். அதைச் சமாளிக்க 1965இல் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். சந்தைக்கு வந்த மாட்டை யார் வேண்டுமானாலும் விலை பேசலாம் இல்லையா? 1969 மார்ச் 12ஆம் தேதி பாலுக்குக் கல்யாணம், 20ஆம் தேதி ஜானுக்குக் கல்யாணம். இரண்டு புது மாப்பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதே மாதக் கடைசியில் டிக் ஜேம்ஸ் தன் தரப்புப் பங்குகளை ஏடிவி என்ற டெலிவிஷன் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இவர்கள் பதறிப்போய் மற்ற பங்குகளை வாங்கப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் இன்னொன்று வெளியே வந்தது. பாலிடம் 7,51,000 பங்கு, ஜானிடம் 6,44,000. பால் ஓசைப்படாமல் கூடுதலாக வாங்கி வைத்திருந்திருக்கிறார். ஒரே பந்தியில் உட்கார்ந்தவன் இலைக்கடியில் வடையை ஒளித்து வைத்த மாதிரி. ஜான் கொதித்ததில் தப்பே இல்லை. கடைசியில் ஏடிவிதான் ஜெயித்தது. இவர்களும் தங்கள் பங்கை அதற்கே விற்றுவிட்டு வெளியே வந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததைத்தான் ஊர் முழுக்கத் திட்டியது. மற்ற மூவரும் ஆலன் க்ளைன் என்ற அமெரிக்க மேனேஜரைப் பிடித்துக்கொள்ள, இவர் வக்கீலான மாமனார் லீ ஈஸ்ட்மன் பக்கம் நின்றார். க்ளைனிடமிருந்து விடுபட, 1970 டிசம்பர் 31 அன்று கூட்டாளிகள் மூவர் மீதும் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். அடுத்த மார்ச்சில், கூட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள கோர்ட் ஒரு ரிசீவரை நியமித்தது. சிநேகிதன் மேல் வழக்குப் போடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் அவர் சொத்துக்கு அஸ்திவாரம் பாட்டில் போட்டதில்லை, அன்றைக்குப் போட்டதுதான் என்பேன். சில வருஷத்தில் மற்றவர்களும் க்ளைனோடு கோர்ட்டில் மோதினார்கள். 1980இல் அந்த மனிதர் வரிக்கணக்கு விஷயமாக இரண்டு மாசம் ஜெயிலுக்கும் போய்வந்தார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கையில் இருந்த காசை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, "உனக்கு என்ன மாதிரிப் பாட்டு பிடிக்கும்?" என்று மாமனார் கேட்டாராம். பட்டி ஹாலி என்றார் இவர். பள்ளிக்கூட வயதில் இவரும் ஜானும் பாடிப் பாடிப் பழகின அமெரிக்கப் பாட்டுக்காரர், 1959இல் விமான விபத்தில் போனவர். அவர் பாட்டுகளின் உரிமையை எம்பிஎல் என்ற தன் கம்பெனி பெயரில் வாங்கினார். வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1976லிருந்து லண்டனில் வருஷா வருஷம் பட்டி ஹாலி வாரம் கொண்டாடி, பாட்டை ஜனங்கள் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். தரிசாகப் போட்டால் மதிப்பு இறங்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது எட்வின் மாரிஸ் என்ற பழைய அமெரிக்கப் பப்ளிஷிங் கம்பெனி. அதோடு நாடகப் பாட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. 'ஆனி' நாடகத்தில் ஓர் அநாதைக் குழந்தை பாடும் 'டுமாரோ' என்ற பாட்டு அதில் ஒன்று. இப்போது கவனி. 'யெஸ்டர்டே' அவரே தூக்கத்தில் கேட்டு எழுந்து போட்ட மெட்டு, உலகத்தில் பாதிப் பேர் பாடிவிட்ட பாட்டு. அதன் பத்திரம் அவரிடம் இல்லை. யாரோ போட்ட 'டுமாரோ'வுக்குப் பப்ளிஷர் இவர். நேற்று கையை விட்டுப் போச்சு, நாளை கைக்கு வந்தாச்சு! இதைப் படித்த அன்று உன் தங்கச்சியை எழுப்பிச் சொன்னேன். மணி என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த ரகசியத்தை அவரே ஊருக்குச் சொன்னதுதான் வினை. 1980களின் தொடக்கத்தில் சேர்ந்து பாட வந்த மைக்கேல் ஜாக்சனிடம் தன் கம்பெனிப் பாட்டுப் பட்டியல் புத்தகத்தைக் காட்டி, காசை இதில் போடு என்று புத்தி சொன்னார். உங்கள் பாட்டுகளையே வாங்கிவிடுகிறேன் என்று பையன் சிரித்திருக்கிறான். இவரும் சிரித்திருக்கிறார். 1985இல் 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு ஏடிவி பாட்டுகளை மொத்தமாக வாங்கிவிட்டான். அதில் பீட்டில்ஸ் பாட்டு மட்டும் சுமார் 250. எழுதினவருடைய பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொடு என்று கேட்டதற்கு, இது வியாபாரம் பால், என்று பதில் வந்ததாம். பத்திரம் கையில் இல்லாதவனுக்கு என்ன ஆகும் என்பது 1987இல் தெரிந்தது. ஒரு பீட்டில்ஸ் பாட்டு நைக்கி செருப்பு விளம்பரத்தில் ஓடியது. பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டுகள் பிறகு ஜாக்சன் சோனியோடு கூட்டுச் சேர்ந்த கம்பெனிக்குப் போயின. அதில் ஜாக்சன் தரப்புக்கு இருந்த பாதியை 2016இல் சோனியே 75 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. பால் அவசரப்படவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1978க்கு முந்தின பாட்டை எழுதினவர் 56 வருஷம் கழித்து அமெரிக்க உரிமையை மட்டும் திரும்பக் கேட்கலாம், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருந்தால். 1962 பாட்டுக்கு 2018. பல வருஷம் முன்னாலேயே நோட்டீஸ்களைக் கொடுத்து வைத்திருந்தார். இதே மாதிரி அமெரிக்க உரிமையைத் திரும்பக் கேட்ட டுரான் டுரான் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்குழு 2016 டிசம்பரில் லண்டன் கோர்ட்டில் தோற்றது. அடுத்த மாதமே இவர் நியூயார்க்கில் சோனி தரப்பின் மேல் வழக்குப் போட்டுவிட்டார். ஜூனில் ராஜியானது. ராஜியின் விவரம் வெளியே வரவில்லை. ஐம்பத்தாறு வருஷம் உயிரோடிருந்து கெடு நாளை எண்ணியவரை நினைத்தால், என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பட்டா மாறுதலுக்கு ஆறு மாசம் பொறுக்க முடியாமல் என்னைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

மற்றபடி பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பாட்டுக்காரர் பாப் டிலன் 2020இல் தன் பாட்டுகளை விற்றார். இன்னொரு அமெரிக்கப் பாட்டுக்காரர் ஸ்ப்ரிங்ஸ்டீன் அடுத்த வருஷம் விற்றார், 50 கோடி டாலர் என்று பேச்சு. இவர் விற்கவில்லை. எண்பது தாண்டியும் கச்சேரி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல், நடுவில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். 2024இல் அமெரிக்கப் பாடகி பியான்சே இவருடைய 'ப்ளாக்பேர்ட்' பாட்டைத் திரும்பப் பாடியபோதும் எழுதினவர் பங்கு வந்து சேர்ந்தது. 1966இல் வாங்கின ஸ்காட்லாந்துப் பண்ணையும் வீண் போகவில்லை. அந்தக் கின்டயர் மண்ணைப் பற்றியே 1977இல் ஒரு பாட்டுப் போட்டு, பிரிட்டனில் மட்டும் இருபது லட்சம் இசைத்தட்டு விற்றார். சறுக்கினதும் உண்டு. இரண்டாவது கல்யாணம் முறிந்து 2008இல் 2 கோடியே 43 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. எண்பது கோடி வைத்திருக்கிறார் என்று மனைவி தரப்பு சொல்ல, நாற்பது கோடிதான் என்று ஜட்ஜ் எழுதினார்.

1961இல் ஹாம்பர்கில் சுமார் முப்பது பவுண்டுக்கு வாங்கின பேஸ் கிட்டார் ஒன்று. 1972இல் வேனிலிருந்து திருடு போனது. அது 2024இல் அவர் கைக்குத் திரும்பி வந்த சேதி வெளியானது. எங்கே கிடந்தது தெரியுமா? யாரோ வீட்டுப் பரணில்.

பரண் என்றதும்தான் உன் ஞாபகம் வந்தது. 1997இல் அந்த கேசட்காரருக்கு எட்டு அம்மன் பாட்டுக்கு மெட்டுப் போட்டாயே, மூவாயிரம் ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தார்களே, அதில் மூணாவது பாட்டு போன ஆடியில் எங்கள் தெருவில் மூன்று கோவிலில் ஓடியது. என் பேத்தி பார்க்கும் மொபைலில்கூட வருகிறது. அன்றைக்கு நீ கையெழுத்துப் போட்ட தாளில் காலம் குறிப்பிட்டிருந்ததா? நம் நாட்டுக் காப்பிரைட் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 1995 மே மாதத்துக்கு அப்புறம் எழுதின தாளில் எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கணக்கு. எந்த எல்லை என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன்' என்று என்னை மாதிரி எவனாவது எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு.

முழங்காலோடு நீ ஏற வேண்டாம், பையனை ஏற்று. அந்தத் தகரப் பெட்டியில் ஸ்வரம் எழுதின நோட்டுகளுக்கு அடியில் இருக்கும். இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல். பின்பக்கத்தில்தான் சாட்சிக் கையெழுத்து இருக்கும், அதை விட்டுவிடப் போகிறான்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன் பங்காளி