புது கம்ப்யூட்டர் வேண்டாம் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்றாய். அனுப்ப வேண்டாம் சாமி. இருக்கிற மெஷினுக்கே ராம், அதாவது திறந்திருக்கும் வேலையை வைத்துக்கொள்ளும் மெமரி, கூட்டிப் போட்டாயிற்று, நன்றாக ஓடுகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. நீயும் உன் பழைய டெஸ்க்டாப்புக்கு ராம் ஆர்டர் போடப் போகிறாயாமே, அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்த நேரம். கோரல் டிராவில் பத்திரிகை, போட்டோஷாப்பில் பிளெக்ஸ், ஆர்டர் பார்க்க வாட்ஸ்அப். மூன்றும் திறந்திருந்தால் பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் நகர்த்தக்கூடக் காத்திருக்க வேண்டும். சர்வீஸ் பார்க்க வந்த பையன் "புதுசு வாங்கிடுங்கக்கா" என்றான். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸில் திறந்து பார்த்தேன். மெமரி 95 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100, சிபியு, அதாவது ப்ராசஸர், மட்டும் 20-ஐத் தாண்டவில்லை. ராமில் இடம் இல்லாமல் விண்டோஸ் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது என்று அர்த்தம். இதுவே சிபியு 100-இல் நின்றிருந்தால் எவ்வளவு ராம் போட்டாலும் காசுக்குக் கேடுதான். நீயும் முதலில் இதைப் பார். வழக்கமாக என்னென்ன திறந்து வைத்து வேலை செய்வாயோ, அதெல்லாம் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

அப்புறம் போர்டு, அதாவது உள்ளே எல்லாம் மாட்டியிருக்கும் மதர்போர்டு. எந்த ராம் சேரும் என்று போர்டைத்தான் கேட்க வேண்டும், கடைக்காரரை இல்லை. நம்முடையது எச்81 போர்டு. ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; இது டிடிஆர்3 மட்டும்தான் எடுக்கும், ராம் மாட்ட இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை. மாடல் பெயர் போர்டிலேயே அச்சடித்திருக்கும். அதை வைத்து கம்பெனியின் சைட்டில் தேடினால் எல்லா விவரமும் கிடைக்கும். டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் போட்டால் உட்காரவே உட்காராது. லேப்டாப் ராம் நீளத்தில் குட்டை, அதுவும் ஆகாது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை, அதையும் பார்த்துக்கொள்.

ஆன்லைனில் பாதி விலைக்கு 8 ஜிபி கிடைக்கிறது என்றாயே, அதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். டிடிஆர்3-இல் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று ஒரு வகை விற்கிறார்கள். அது பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். உன்னுடையது இன்டெல். ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. சர்வருக்கான ரெஜிஸ்டர்டு இசிசி ராமும் மலிவாக வரும், அதையும் தொடாதே.

நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குக் கேபினட்டையே தூக்கிக்கொண்டு போய், போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பழைய 4 ஜிபி ராமின் வேகம் 1333, புது 8 ஜிபியின் வேகம் 1600. இரண்டும் சேர்ந்தால் 1333-இல்தான் ஓடும், அது பரவாயில்லை. ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் இன்னும் நல்லதுதான், ஆனால் பத்திரிகை வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும்போது அவசரப்படாதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்து, மிச்ச கரண்ட் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமை ஓரத்தில் பிடித்து எடு. ஸ்லாட்டின் கிளிப்பைத் திறந்து, வெட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் இரு முனையிலும் சமமாக அழுத்து. நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். கிளிப் தானாக எழுந்து டக்கென்று பிடிக்கும். ஸ்கிரீன் கருப்பாகவே இருந்தால் பயப்படாதே, பெரும்பாலும் சரியாக உட்காராததுதான். ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு மெஷின் மழை, மூடுபனிக் காலத்தில் பீப் அடித்துக்கொண்டு நிற்கும். ராமைக் கழற்றி, பின்னை அழி ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டால் எழுந்துவிடும். எல்லாம் ஆனதும், ராம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிவிடு.

இதனால் மெஷின் புதுசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காம் தலைமுறை ப்ராசஸர், முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. அதனால் பேங்க் வேலை எதையும் அதில் வைத்துக்கொள்வதில்லை, டிசைனுக்கு மட்டும்தான். அதற்கு இது தாராளம். ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்று உனக்கு இருந்தால், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக் கொடு, போதும்.

உன் மெஷினைத் திறந்து போர்டின் பெயரையும் ராமில் ஒட்டியிருக்கும் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அம்மா
அஸ்தம்பட்டி, சேலம்