சாம்பியாவுக்கு அந்த ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்தில் சின்ன அணிகள் பெரிய அணிகளைச் சாய்த்த கதைகளைச் சென்ற இதழில் தொகுத்துப் போட்டிருந்தீர்கள். 1992 டென்மார்க், 2004 கிரீஸ், 2016 ஐஸ்லாந்து என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பத்தி. ஆர்வமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில், 2012 ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற சாம்பியாவுக்கு ஒரே ஒரு வரி. விமான விபத்தில் இறந்துபோன வீரர்களின் ஆசியும் பெனால்டி அதிர்ஷ்டமும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த கோப்பை என்று முடித்துவிட்டீர்கள். அந்த இறுதி ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தவன் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில் அந்த விபத்து. 1993 ஏப்ரல் 27. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செனகலோடு மோத டக்கார் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது சாம்பிய அணி. சாதாரண பயணிகள் விமானம்கூடக் கிடையாது, விமானப்படையின் பழைய பஃபலோ ரக விமானம். வழியில் எரிபொருள் நிரப்ப காபோன் தலைநகர் லிப்ரவில்லில் இறங்கி, மறுபடி கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 30 பேரும் போய்விட்டார்கள். அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள். ஒரு இன்ஜினில் கோளாறு வந்தபோது விமானி தவறுதலாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு இன்ஜினை நிறுத்திவிட்டார் என்று பத்து வருடம் கழித்து வந்த அறிக்கை சொன்னது. கேப்டன் கலுஷா புவல்யா ஹாலந்தில் பிஎஸ்வி கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்ததால் அங்கிருந்தே தனியாக டக்காருக்கு வருவதாக இருந்தது. அதனால் தப்பித்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று சாம்பியா வென்றபோது மூன்று கோல் போட்டவர் அவர்தான்.

அவரைச் சுற்றிப் புது அணி ஒன்றைத் திரட்டினார்கள். ஒரே வருடத்தில், 1994 ஏப்ரலில், அந்த அணி ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிவரை வந்தது. நைஜீரியாவுக்கு எதிராக முதல் கோலையும் போட்டது. ஆனால் 2-1 என்று தோற்றது. ஆசியால் கோப்பை கிடைக்கும் என்றால் அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டாமா? புண் ஆறாத நேரம். ஊர் உலகமே அவர்கள் பக்கம். கிடைக்கவில்லையே. அதற்கப்புறம் பதினெட்டு வருடம் காத்திருந்தார்கள்.

சரி, 2012க்கு வருவோம். அந்த வருடப் போட்டியை காபோனும் ஈக்வடோரியல் கினியாவும் சேர்ந்து நடத்தின. சாம்பியாவின் முதல் ஐந்து ஆட்டங்களும் ஈக்வடோரியல் கினியாவில்தான். அவர்கள் போன பாதையில் லிப்ரவில் வந்தது இறுதி ஆட்டத்துக்கு மட்டும். தங்கள் அண்ணன்மார் விழுந்த கடற்கரையில் போய் நிற்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஐந்து அணிகளைத் தாண்டியாக வேண்டும். இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அந்த ஐந்தையும் எப்படித் தாண்டினார்கள் என்பதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. கோப்பை வெல்லும் என்று பலர் நம்பிய செனகலை முதல் ஆட்டத்திலேயே 2-1 என்று மடக்கினார்கள். மழையில் ஊறிப்போன மைதானத்தில் லிபியாவிடம் இரண்டு முறை பின்தங்கி, இரண்டு முறையும் சமன் செய்தார்கள். போட்டியை நடத்திய ஈக்வடோரியல் கினியாவை அதன் சொந்த மண்ணில் 1-0, காலிறுதியில் சூடானை 3-0. அரையிறுதியில் கானா. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கானாவுக்கு ஒரு பெனால்டி. அசமோவா கியான் அடித்ததை கோல்கீப்பர் கென்னடி முவீனே தடுத்தார். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கானாவின் நெருக்கடியைத் தாங்கி நின்று, மாற்று ஆட்டக்காரராக வந்த இம்மானுவேல் மயுக்கா 78வது நிமிடத்தில் போட்ட ஒரே கோலில் ஜெயித்தார்கள். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

எதிரே நின்ற ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். ட்ரோக்பா, யாயா டூரே, கோலோ டூரே, ஜெர்வின்ஹோ என்று ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஆடுகிறவர்கள். அந்தத் தொடர் முழுக்க ஆட்ட நேரத்தில் ஒரு கோல்கூட வாங்காத அணி. சாம்பியாவின் கேப்டன் கிறிஸ்டோபர் கட்டோங்கோ ஆடியது சீனாவில். முவீனே தென்னாப்பிரிக்காவில். ரெயின்போர்டு கலாபாவும் ஸ்டோப்பிலா சுன்சுவும் பக்கத்து நாடான காங்கோவின் மசெம்பே கிளப்பில். இவர்களைக் கட்டி மேய்த்தவர் பிரெஞ்சுக்காரரான ஹெர்வே ரெனார்ட். 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை வென்றதே, அந்த சவுதி அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். 2010 ஆப்பிரிக்கக் கோப்பையிலும் அவர் சாம்பியாவோடுதான் இருந்தார். காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்று வெளியேறினார்கள். அந்தத் தோல்வியைக் குடித்து வளர்ந்த அணி இது.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அணி முழுவதும் அந்தக் கடற்கரைக்குப் போய்ப் பூக்கள் தூவி அஞ்சலி செலுத்தியது. கலுஷாவும் கூடவே இருந்தார். அப்போது அவர் சாம்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர்.

பிப்ரவரி 12, லிப்ரவில். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தற்காப்பு வீரர் ஜோசப் முசோண்டா காயம்பட்டு அழுதுகொண்டே வெளியே போனார். 70வது நிமிடத்தில் ஐவரி கோஸ்ட்டுக்குப் பெனால்டி, ட்ரோக்பா பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். இதை வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம் கூடுதல் நேரத்தில் கட்டோங்கோ அடித்த பந்து கோல்கீப்பர் பாரியின் மேல் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியதே, அதையும் கூடவே எழுத வேண்டும். 120 நிமிடம், கோல் இல்லை.

பெனால்டிகள் தொடங்கின. சாம்பிய வீரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஐவரி கோஸ்ட் முதலில் அடித்தது. இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் அடித்தாகிவிட்டது. ஐந்தாவதாக வந்த ட்ரோக்பா இந்த முறை தவறவில்லை. இப்போது சாம்பியாவின் ஐந்தாவது ஆள் தவறவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்த இடத்துக்கு நடந்து வந்தது யார் தெரியுமா? கோல்கீப்பர் முவீனே. ட்ரோக்பாவின் பந்து தன்னைத் தாண்டி வலைக்குள் போன அடுத்த நிமிடம், அதே மனிதர் பந்தை எடுத்துப் புள்ளியில் வைக்கிறார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். போட்டார். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு கோல்கீப்பரை அந்த இடத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அவர் போடுவார் என்று தெரிந்துதான் நிறுத்தினார்கள்.

ஆறாவது, ஏழாவது, அவையும் இரு பக்கமும் உள்ளே. வரிசையாக 14 பெனால்டி, ஒன்றுகூடத் தவறவில்லை. எட்டாவதாக கோலோ டூரே அடித்ததை முவீனே தடுத்தார். முடித்துவிடலாம் என்று வந்த கலாபா மேலே அடித்தார். மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்தால், ஜெர்வின்ஹோவும் தவறவிட்டார். அப்புறம் சுன்சு வந்தார், அடித்தார். 8-7. சாம்பியாவுக்கு அதுதான் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை.

அதற்குப் பிறகு நடந்த ஒன்று என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எல்லாரும் மைதானத்தின் நடுவில் குதித்துக்கொண்டிருக்க, ரெனார்ட் ஓரத்துக்குப் போய், நடக்க முடியாமல் இருந்த முசோண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மற்றவர்களோடு சேர்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர், வளர்ந்த ஆளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார். நான் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இறந்தவர்களை நினைக்காமல் இந்த வெற்றியைப் பற்றிப் பேச முடியாது. நானும் அப்படிப் பேசச் சொல்லவில்லை. ஆனால் 1993ல் போனவர்களுக்குச் செய்யும் மரியாதை, 2012ல் ஓடி உழைத்தவர்களின் கணக்கிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. கியானைத் தடுத்த கை முவீனேயுடையது. கானாவைச் சாய்த்த கால் மயுக்காவுடையது. டென்மார்க்குக்கும் கிரீஸுக்கும் ஆட்டக்காரர்கள் பெயர், வியூகம், தற்காப்பு என்று விரிவாக எழுதிய உங்கள் கட்டுரையாளருக்கு, சாம்பியா என்றதும் ஆசியும் அதிர்ஷ்டமும் மட்டும்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆப்பிரிக்க அணிகள் ஜெயிக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. ஆட்டத்தைப் பற்றி எழுதாமல் அதிசயத்தைப் பற்றி எழுதிவிடுகிறார்கள்.

அடுத்த ஏப்ரல் 27க்கு முன்னால் இந்த அணியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். இரண்டு அணிகளையும் பற்றி, 1993ம் 2012ம். பெயர்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முவீனேயின் அந்த ஐந்தாவது பெனால்டிக்குத் தனியாக ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்