அந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள வானதி,

நீ அனுப்பியதை அப்பாவும் நானும் படித்தோம். இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருப்பது பெரிய சந்தோஷம். லண்டன் சாஃப்ட்வேர் கம்பெனியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் சரக்கு ரயில் கம்பெனியின் பராமரிப்பு ஷெட் வேலையைப் பற்றி, "எல்லாம் முப்பது நாற்பது வருஷப் பழைய டீசல் இன்ஜின்மா, அதுல என்ன எதிர்காலம் இருக்கு, வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்று எழுதியிருந்தாய். முடிவு உன்னுடையது பாப்பா. டீசல் ஷெட் ஸ்டோர்ஸிலேயே என் காலத்தைக் கழித்தவள் நான். அந்தப் பழைய இன்ஜின்கள் எப்படி உங்கள் ஊருக்கு வந்தன என்று சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கிலாந்தில், சோமர்செட்டில் மெண்டிப் மலைப்பக்கம் ஃபாஸ்டர் யோமன் என்று ஒரு கல்குவாரிக் கம்பெனி இருந்தது. 1923-ல் ஆரம்பித்தது. மியர்ஹெட் குவாரியில் சுண்ணாம்புக்கல்லை உடைத்து, ரோடு போடவும் கட்டடம் கட்டவும் லண்டனுக்கும் தென்கிழக்குப் பக்கத்துக்கும் ரயிலில் அனுப்புவார்கள். வேகன்கள் கம்பெனியுடையவை, இன்ஜின் மட்டும் அரசாங்க ரயில்வேயான பிரிட்டிஷ் ரயிலுடையது. அப்போது கனமான வண்டிகளை இழுத்தவை கிளாஸ் 56 இன்ஜின்கள் (கிளாஸ் என்பது அங்கே இன்ஜின் வகைக்கு வைக்கும் எண்), 3,250 குதிரைசக்தி. முதல் முப்பதை ருமேனியாவில் கட்டி வாங்கினார்கள், மீதியை டான்காஸ்டரிலும் க்ரூவிலும் கட்டினார்கள். ஓடும்போது நன்றாக இழுக்கும். ஆனால் அடிக்கடி பழுதாகி நின்றுவிடும், அதுதான் சிக்கல். கல் தயாராக இருக்கும், வேகன் தயாராக இருக்கும், இன்ஜின் வராது.

இது எனக்கு எவ்வளவு பழக்கமான விஷயம் தெரியுமா? காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் கையில் எடுப்பது ஒரே ஒரு தாள்தான். எத்தனை இன்ஜின் லைனில் இருக்கிறது, எத்தனை உள்ளே நிற்கிறது, நிற்பது எதற்காக. அந்த மூன்றாவது பத்தியில்தான் எங்கள் ஸ்டோர்ஸின் மானமே இருக்கும். இன்ஜின் பழுதானதால் நிற்பது ஒரு நாள் என்றால், அதற்கான சாமான் அலமாரியில் இல்லாமல் நிற்பது பல நாளாகிவிடும். உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு ரப்பர் சீலுக்காக நூற்றிருபது டன் இன்ஜின் காத்துக்கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குவாரிக்காரர்களின் எரிச்சல் புரியும்.

அவர்கள் 1980-லேயே குவாரிக்குள் வேகன்களை நகர்த்திச் சேர்க்கும் ஷண்டிங் வேலைக்கு என்று அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சின்ன இன்ஜின் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அது மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான், மெயின் லைனுக்கும் சொந்தமாகவே வாங்கினால் என்ன என்று ஜான் யோமனுக்குத் தோன்றியிருக்கிறது. அரசாங்க ரயில்வேயின் தண்டவாளத்தில் தனியார் இன்ஜினா என்று அப்போது எல்லோருமே கேட்டிருப்பார்கள். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, இன்ஜின் குவாரியுடையது, ஓட்டுகிற டிரைவர் பிரிட்டிஷ் ரயிலைச் சேர்ந்தவர் என்று ஒப்பந்தம் ஆனது. 1986 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் லா கிரேஞ்சிலிருந்து நான்கு இன்ஜின்கள் கப்பலில் வந்து இறங்கின. கிளாஸ் 59. பிரிட்டிஷ் ரயிலின் மெயின் லைனில் வாடிக்கையாக ஓடிய முதல் தனியார் இன்ஜின்கள் அவைதான். முதலாவதற்கு யோமன் எண்டெவர் என்று பெயர். அமெரிக்கப் பழக்கப்படி அதன் முகப்பில் ஒரு மணி மாட்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குதிரைசக்தி இல்லை. நூற்றுக்கு 95 நேரம் இன்ஜின் ஓடத் தயாராக இருக்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் உத்தரவாதம் கொடுத்ததுதான். அப்படி எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், எந்த சாமான் எப்போது தேயும் என்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மாற்றத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். உனக்கு வந்திருக்கும் வேலை அதுதான்.

அந்த இன்ஜினின் அமைப்பே அதற்கு வசதியாகச் செய்தது. 16 சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 3,300 குதிரைசக்தி. சிலிண்டர் லைனர், ஹெட், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் சேர்ந்த ஒரே செட்டுக்கு பவர் அசெம்பிளி என்று பெயர். ஒரு சிலிண்டரில் கோளாறு என்றால் அந்த செட்டை மட்டும் கிரேனில் தூக்கி எடுத்துவிட்டு, தயாராக இருக்கும் இன்னொன்றை இறக்கிவிடலாம். எடுத்ததை அப்புறம் மேஜையில் வைத்து நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம், இன்ஜின் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்ஜின் வண்டிக்குள் இருக்கும் இந்த டீசல் எஞ்சினின் பெயர் 645, அடுத்து வந்தது 710. ஒரு சிலிண்டரின் கன அளவு எத்தனை கன அங்குலமோ அதுதான் பெயர். நம் ஊர் டபிள்யூ.டி.ஜி.4 கூட்ஸ் இன்ஜினிலும் இதே 710 குடும்பத்து 16 சிலிண்டர் எஞ்சின்தான். அந்த நாட்டு கிளாஸ் 66-ல் அதன் 12 சிலிண்டர் தம்பி. நீ அங்கே கையில் எடுக்கப்போகும் பாகங்களின் உறவுக்காரப் பாகங்களைக் கேட்டுத்தான் நான் இங்கே இண்டென்ட் எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இழுப்பு விஷயம் உனக்குப் பிடிக்கும், நீ மெக்கானிக்கல்காரி. சக்கரம் தண்டவாளத்தில் வழுக்க ஆரம்பித்ததும் பவரைக் குறைத்துவிடுவதுதான் பழைய முறை. இவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். வண்டி உண்மையில் என்ன வேகத்தில் போகிறது என்று இன்ஜினின் அடியில் இருக்கும் ஒரு ரேடார் அளக்கும். சக்கரம் அதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கொஞ்சம் என்பது கட்டுக்குள் இருக்கும்வரை பிடிப்பு குறையாது, கூடும். எல்லை தாண்டினால்தான் பவர் குறையும். அதனால் இரண்டு இன்ஜின் சேர்ந்து இழுத்த கல் வண்டியை ஒரே 59 இழுத்தது. 1991 மே 26 அன்று இரண்டு 59-களை வைத்து 115 வேகன், மொத்தம் 11,982 டன் கொண்ட ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலேயே அது சாதனை. நடுவில் வேகன்களை இணைக்கும் ஒரு கப்ளிங் அறுந்தது என்பதும் உண்மை. இன்ஜினுக்குத் திராணி இருந்தது, கொக்கிக்கு இல்லை.

பக்கத்து வாட்லி குவாரிக்காரர்களான ஏ.ஆர்.சி.யும் இதைப் பார்த்துவிட்டு 1990-ல் நான்கு வாங்கினார்கள், கனடாவின் லண்டன் நகரத்தில் கட்டியவை. நேஷனல் பவர் மின்சாரக் கம்பெனி ஆறு வாங்கியது. ஃபாஸ்டர் யோமனும் 1989-ல் ஐந்தாவதாக ஒன்றை வாங்கியிருந்தது. இரண்டு குவாரிக்காரர்களும் 1993-ல் சேர்ந்து மெண்டிப் ரயில் என்ற கம்பெனியை ஆரம்பித்துத் தங்கள் வண்டிகளைப் பொதுவாக ஓட்டினார்கள். ஆக மொத்தம் கட்டியதே 15 இன்ஜின்கள்தான்.

அந்தப் பதினைந்தின் விளைவுதான் பெரியது. பிரிட்டிஷ் ரயிலைப் பிரித்து விற்றபோது, 1996-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் சென்ட்ரல் தலைமையிலான குழு அதன் சரக்குக் கம்பெனிகளில் மூன்றை வாங்கி ஒன்றாக்கியது. இங்கிலீஷ் வெல்ஷ் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே, சுருக்கமாக ஈ.டபிள்யூ.எஸ். தலைவர் எட் பர்க்ஹார்ட். அவர்களுக்குக் கைமாறிய இன்ஜின்களின் பட்டியலைப் பார்த்தபோது அந்த ஸ்டோர்ஸ்காரர்களுக்காக எனக்குப் பாவமாக இருந்தது. கிளாஸ் 37-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் எஞ்சின், 47-ல் சல்சர், 56-லும் 58-லும் ரஸ்டன், 60-ல் மிர்லீஸ். ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றுக்கு ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனி அலமாரி, தனிப் பட்டியல், அதைத் தெரிந்த தனி ஆள். பர்க்ஹார்ட் 59-ன் அதே உடலமைப்பை எடுத்து, உள்ளே 710 எஞ்சினும், வளைவில் தானே திரும்பிக்கொள்ளும் போகியும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்) வைத்து ஒரே மாதிரி 250 இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அதுதான் கிளாஸ் 66. 1998-லிருந்து 2000-க்குள் அத்தனையும் வந்து சேர்ந்தன. அப்புறம் ஃப்ரைட்லைனர், ஜி.பி. ரயில்ஃப்ரைட், டைரக்ட் ரயில் சர்வீசஸ் என்று மற்ற கம்பெனிகளும் அதையே வாங்கின. கடைசி 66, ஈவ்னிங் ஸ்டார் என்ற பெயரோடு 2016-ல்தான் வந்தது. பிரிட்டிஷ் ரயில் கட்டிய கடைசி நீராவி இன்ஜினின் பெயர் அது. ஈ.டபிள்யூ.எஸ்.ஸை 2007-ல் ஜெர்மன் ரயில்வே வாங்கியது, இன்று அது டி.பி. கார்கோ.

எல்லாமே நன்மை என்று சொல்ல மாட்டேன். 66-ல் டிரைவர் உட்காரும் கேபில் சத்தமும் அதிர்வும் சூடும் அதிகம் என்று டிரைவர்கள் பல வருஷம் குறை சொன்னார்கள். இன்ஜினை வாங்குகிறவர் அதில் எட்டு மணி நேரம் உட்காருவதில்லையே. லஃப்பரோவில் பிரஷ் கம்பெனி கட்டிய நூறு கிளாஸ் 60 இன்ஜின்களும் இழுப்பில் இதற்கு இளைத்தவை அல்ல. புதுசு வந்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றை ஓரங்கட்டினார்கள். பிறகு 2011 வாக்கில் சிலவற்றைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. நல்ல இன்ஜினை வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

எதிர்காலம் பற்றி நீ கேட்டதும் நியாயமான கேள்விதான். நிலக்கரி போய்விட்டது. ராட்கிளிஃப் மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டதோடு அந்த நாட்டில் நிலக்கரி மின்சாரம் முடிந்தது. ஆனால் கல்லும் கன்டெய்னரும் ஓடுகின்றன. டிராக்ஸ் மின்நிலையத்துக்கு மரத்துகள் உருண்டைகள் ரயிலில்தான் போகின்றன. மெண்டிப் கல் வண்டிகளை 2019-ல் ஃப்ரைட்லைனர் எடுத்துக்கொண்டபோது அந்த 59-களையும் சேர்த்தே வாங்கியது. முப்பத்து மூன்று வயதான இன்ஜினைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அதை யாரோ அத்தனை வருஷமும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜி.பி. ரயில்ஃப்ரைட் 2022-ல் கிளாஸ் 99 என்று முப்பது இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மேலே கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரம், இல்லாத இடத்தில் டீசல். ஸ்பெயினின் வலென்சியாவில் கட்டுகிறார்கள். டீசலைக் கரைத்துக் குடித்தவர்கள் அந்த ஷெட்களில் இனியும் தேவைப்படுவார்கள், மின்சாரமும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, வியாழக்கிழமை அவர்களிடம் பேசப்போகிறாய் அல்லவா? இவற்றைக் கேள். எத்தனை இன்ஜின் நின்றது, எதற்காக நின்றது என்ற தாளை ஷெட்டில் தினமும் யார் எழுதுகிறார்கள்? பவர் அசெம்பிளி மாற்றுவதை அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? வெளியே என்றால் நீ கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. அவசர சாமான் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளில்? புது மாதிரி இன்ஜின் வந்தால் பயிற்சிக்கு முதலில் யாரை அனுப்புவார்கள்? இரவு ஷிஃப்ட் எப்படி, திரும்பிப் போக வண்டி உண்டா? கடைசிக் கேள்வி அப்பா கேட்கச் சொன்னது, ஆனால் எனக்கும் அது முக்கியம்.

முடிந்தால் அதற்கு முன் ஒரு நாள் வெஸ்ட்பரி ஸ்டேஷனுக்குப் போய்வா. மியர்ஹெட், வாட்லி இரண்டு குவாரியின் வண்டிகளும் அந்தப் பக்கம்தான் வரும். லோடு வண்டி நின்று கிளம்பும்போது இன்ஜின் சக்கரத்தைப் பார், எஞ்சின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. அதன் பிறகும் சாஃப்ட்வேர்தான் என்று தோன்றினால் அதிலேயே சேர், எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு மத்தியானமானதும் கூப்பிடு, இருவரும் வீட்டில்தான் இருப்போம்.

அன்புடன்,
அம்மா